தீக்காக்கை பார்க்க எந்தப் பைனாகுலர்? நிக்கான் மோனார்க் எம்5 8×42

பைனாகுலர் வாங்கப் போகிற எல்லாரும் முதலில் கேட்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதைத்தான். கூந்தன்குளத்தில் வெட்டவெளியில் கூழைக்கடாவும் வரித்தலை வாத்தும் பார்க்கவா, சரி, 10 மடங்கே வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் செங்கல்தேரி, மாஞ்சோலை பக்கத்து மழைக்காட்டில் தீக்காக்கை (Malabar Trogon) என்கிற பறவையைத் தேடுகிறவர்களுக்கு வெளிச்சத்தை நன்றாக உள்வாங்குகிற கண்ணாடிதான் முக்கியம்.

அந்தப் பறவையின் குணம் அப்படி. நிழல் அடைந்த கிளையில் நிமிர்ந்து, ஆடாமல் அசையாமல், பெரும்பாலும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆணுக்கு வயிறு ரத்தச் சிவப்பு, முதுகோ பழுப்பு. அந்தப் பக்கம் திரும்பிவிட்டால் காய்ந்த இலை மாதிரிதான். சிள்வண்டோ கம்பளிப்புழுவோ கண்ணில் பட்டால் ஒரே பாய்ச்சலில் கவ்விக்கொண்டு வேறு கிளைக்குப் போய்விடும், அந்த நேரத்தில் பிடித்தால்தான் உண்டு. துடுப்புவால் கரிச்சான் சத்தத்தோடு பல இனப் பறவைகள் சேர்ந்த கலப்புக் கூட்டம் ஏதாவது நகர்ந்தால் நின்று பாருங்கள், பல நேரம் இதுவும் கூடவே வரும்.

8×42 என்றால் 8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் அகலம் 42 மி.மீ. அந்த 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே அகலமான ஒளிவட்டம் கண்ணுக்கு வருகிறது. சட்டைப்பையில் அடங்கும் 10×25-இல் அது 2.5 மட்டுமே. முன்பு நான் வைத்திருந்த சின்னதில் காலை வெளிச்சத்தில்கூடப் பறவை கறுப்பு நிழலாகத்தான் தெரியும், மழை நாளில் உள்ளுக்குள்ளேயே ஆவி படர்ந்துவிடும். மோனார்க்கில் நைட்ரஜன் அடைத்திருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆணின் இறக்கையில் கறுப்பும் வெள்ளையுமாக இழை இழையாக ஓடுகிற கோடுகள், கண்ணைச் சுற்றி நீல வளையம், நெஞ்சுக்குக் குறுக்கே வெள்ளைப் பட்டை, எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தபோது உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. பெண்ணுக்கு இந்தச் சிவப்பு கிடையாது, வயிறு காவி கலந்த ஆரஞ்சு. அந்த மங்கிய நிறத்தையும் நிழலில் சரியாகக் காட்டுகிறது.

பார்வைப் பரப்பு 6.4 பாகை. 8 மடங்கிலேயே இதைவிட அகலமாகக் காட்டுபவையும் உண்டு, அகலம்தான் பெரிது என்பவர்கள் கடையில் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். 2.5 மீட்டர் அருகில் வரைக்கும் ஃபோகஸ் ஆவதால் பாதையோர வண்ணத்துப்பூச்சிக்கும் உதவும். எடை 630 கிராம், அண்ணாந்து பார்த்தே நடக்கிற காட்டில் கழுத்து வலிக்கத்தான் செய்யும். இரண்டு தோளிலும் மாட்டுகிற வாரைத் தனியாக வாங்கிவிடுங்கள், அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.