தினசரி ஓட்டமா, 100 கிலோமீட்டரா: கொழுப்புக் கணக்கில் எது லாபம்?

வாரத்தில் நாலைந்து நாள், அரை மணி முக்கால் மணி ஓடுபவர் ஒருவர். 100 கிலோமீட்டர், அதற்கும் மேல் என்று ஓடித் தள்ளும் அல்ட்ரா மாரத்தான்காரர் இன்னொருவர். ரத்தத்தில் உள்ள கொழுப்பை அளக்கும் லிப்பிட் டெஸ்ட்டில் யார் கை ஓங்கும்?

பந்தயத்துக்கு மறுநாள் எடுத்தால், சந்தேகமே இல்லாமல் அல்ட்ராகாரர்தான். மணிக்கணக்கில் ஓடும்போது கிளைகோஜன் என்ற மாவுச்சத்துக் கையிருப்பு கரையக் கரைய, தசை கொழுப்பின் பக்கம் திரும்புகிறது. தசையின் நுண்குழாய்ச் சுவர்களில் இருக்கும் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி, ரத்தத்தில் வரும் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பை உடைத்து உள்ளே தள்ளுகிறது. ஓட்டம் நின்றாலும் இந்த வேலை உடனே நிற்பதில்லை. அதனால் ட்ரைகிளிசரைடு சரிந்திருக்கும், பெரும்பாலும் ‘கெட்ட’ கொலஸ்ட்ராலான எல்டிஎல்லும் இறங்கியிருக்கும், ‘நல்ல’ கொலஸ்ட்ராலான எச்டிஎல் ஏறியிருக்கும். பார்க்க அழகான ரிப்போர்ட்.

ஆனால் அது நிலைக்காது. ட்ரைகிளிசரைடு இரண்டு மூன்று நாளில் பழையபடி ஏறத் தொடங்கிவிடும். போதாததற்கு, நீண்ட ஓட்டத்துக்கு அடுத்த நாட்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. கொலஸ்ட்ரால் அதே அளவில் இருந்தாலும் எண் குறைவாகத்தான் வரும்.

தினசரி ஓட்டக்காரருக்கு ஒவ்வொரு முறையும் கிடைப்பது சின்ன இறக்கம்தான். ஆனால் அது மறைவதற்குள் அடுத்த ஓட்டம் வந்துவிடுகிறது. என் ஓட்டு இவருக்கே. அல்ட்ராகாரரின் நிஜமான லாபமும் பந்தயத்தில் இல்லை, அதற்காக மாதக்கணக்கில் ஓடிய பயிற்சியில்தான் இருக்கிறது.

எல்டிஎல் என்று வந்தால் இரண்டு பேருமே கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். உடற்பயிற்சி மட்டும் அதைக் குறைப்பது சில சதவீதம். ஸ்டேட்டின் மாத்திரை 30 முதல் 50 சதவீதம்கூடக் குறைக்கும். அமெரிக்காவில் ஜாகிங்கைப் பிரபலமாக்கிய ஜிம் ஃபிக்ஸ் 1984-இல், 52 வயதில், ஓடப்போன இடத்திலேயே மாரடைப்பில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் இதயத் தமனிகளில் கடுமையான அடைப்பு தெரிந்தது. அவருடைய அப்பாவும் 43 வயதில் இதய நோயால் போனவர். பரம்பரையைக் காலால் முந்திவிட முடியாது.

இன்னொரு ரகமும் உண்டு. மாவுச்சத்தை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு ஓடும் ஒல்லியான சிலருக்கு ட்ரைகிளிசரைடு 70-க்குக் கீழே, எச்டிஎல் 80-க்கு மேலே. எல்டிஎல்லோ 200-ஐத் தாண்டி நிற்கும். முதல் இரண்டு எண்களைக் காட்டி மூன்றாவதை மன்னித்துவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சரி, டெஸ்ட் எப்போது எடுப்பது? பெரிய ஓட்டம் முடிந்து ஓரிரு வாரமாவது போகட்டும். ஸ்டேட்டின் சாப்பிடுபவர் என்றால் இது இன்னும் முக்கியம். பந்தயத்துக்குப் பிறகு தசை நொதியான சிகே எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். ஈரல் பரிசோதனையில் பார்க்கும் ஏஎஸ்டி, ஏஎல்டி நொதிகளும் கூடவே ஏறும். பந்தயம் ஓடியதைச் சொல்லாமல் ரிப்போர்ட்டை நீட்டினால், தசையையும் ஈரலையும் கெடுத்தது ஸ்டேட்டினோ என்று டாக்டரின் சந்தேகம் மாத்திரை மேல்தான் விழும்.