அடைப்புக்குறி நகர்ந்துவிட்டது: உரையாடல் பகுப்பாய்வோடு ஐந்து வருடம்

போன வாரம் லேப்டாப் ரிப்பேருக்குப் போய் வந்தது. கோப்புகள் பத்திரம், எழுத்துருதான் போய்விட்டது. திறந்தால், பேச்சை எழுத்தாக்கிய நாற்பது பக்கத்திலும் சதுர அடைப்புக்குறிகள் இடம் மாறி நிற்கின்றன. அன்றைக்குப் பார்த்து ஒரு ஜூனியர், "அக்கா, ஆய்வுக்கு உரையாடல் பகுப்பாய்வு எடுக்கட்டுமா, ஃபேர்கிளஃபா?" என்று கேட்டாள். முதலாவது, பதிவு செய்த பேச்சை மௌனம், இழுவை உட்பட நுணுக்கமாகப் பார்க்கும் முறை; நார்மன் ஃபேர்கிளஃப், மொழிக்குள் ஒளிந்திருக்கும் அதிகாரத்தைத் தேடும் மொழியியலாளர். அந்தக் கடுப்போடுதான் எழுதுகிறேன்.

என் தரவு, சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளில் பதிவு செய்த பேச்சு. எழுத்தாக்கத்துக்கு, உரையாடல் பகுப்பாய்வின் முன்னோடிகளில் ஒருவரான கெயில் ஜெஃபர்சனின் குறியீடுகள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், மேல்வரியிலும் கீழ்வரியிலும் அடைப்புக்குறி நேருக்கு நேர் நிற்கவேண்டும். தட்டச்சுப்பொறியில் ஆங்கில எழுத்தெல்லாம் ஒரே அகலம், சரி. தமிழில் 'ர'வும் 'ணை'யும் ஒரே அகலமா? சத்தமாகப் பேசினால் பெரிய எழுத்தில் போடச் சொல்கிறது முறை. பெரிய எழுத்துக்கு நான் எங்கே போக? தடித்த எழுத்தில் போட்டேன். "நடுவில் எதற்கம்மா துணைத்தலைப்பு?" என்று கேட்டார் நெறியாளர். ஒரு நிமிடப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் போகும்.

ஆனால் இந்த இடத்தைப் பாருங்கள்:

தொழிலாளி: கூலி கொஞ்சம் பாத்துப் போடுங்கண்ணா
(1.3)
முதலாளி: ம்:: வெள்ளி வெல ஏறிக் கெடக்குதுல்ல
தொழிலாளி: அதாங்க, தீபாவளி கழிச்சுப் பாக்கலாங்க

அடைப்புக்குறிக்குள் இருப்பது 1.3 நொடி மௌனம்; '::' என்றால் இழுவை. ஒரு நொடியே பேச்சு தாங்குகிற எல்லை போல இருக்கிறது என்று ஜெஃபர்சன் 1989இல் எழுதினார். சம்மதம் சட்டென்று வரும். மறுப்புதான் இழுத்து, 'ம்' போட்டு, காரணத்தோடு வரும். 'முடியாது' என்று முதலாளி சொல்லவே இல்லை, தொழிலாளிக்குக் கேட்டுவிட்டது. இதே தொழிலாளி நேர்காணலில் என்னிடம், "அண்ணன் எதுக்கும் மறுத்ததே இல்லீங்க" என்றார். பொய்யும் இல்லை! இதற்காக அந்த ஒரு மணி நேரத்தை மன்னிக்கலாம்.

ஃபேர்கிளஃப் வழியில் அதே வரியில் வேறொன்று தெரியும். விலை தானாக 'ஏறிக் கிடக்கிறது'. ஏற்றியவரும் இல்லை, கூலி தரவேண்டியவரும் வாக்கியத்தில் இல்லை. பிரதி, அதை உருவாக்கிப் படிக்கிற நடைமுறை, சமூகம் என்று மூன்று அடுக்கு. ஒரு சாயங்காலத்தில் மூன்று பக்கம் எழுதிவிடலாம். எனக்கு உறுத்துவதே அதுதான். ஒலிப்பதிவைக் கேட்காமலே எழுதியிருக்கலாமே? பேசுகிறவர்களுக்கு அங்கே எது முக்கியமோ அதை முதலில் பார் என்று உரையாடல் பகுப்பாய்வை உருவாக்கியவர்களில் ஒருவரான ஷெக்லாஃப் 1997இல் மல்லுக்கு நின்றதும் இதற்குத்தான்.

ஃபேர்கிளஃபுக்கு முன்னோடியான பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவையும் ஏற்காட்டில் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். குளிர் நினைவிருக்கிறது. குறை அவர்மேல் இல்லை, பட்டறைப் பேச்சுக்கு அது கருவி இல்லை.

ஜூனியரிடம் ஃபேர்கிளஃபையே எடுக்கச் சொல்லிவிட்டேன்.

"நீங்க ஜெஃபர்சனைத்தானேக்கா எப்பவும் புகழுவீங்க?"

"புகழுவேன். இப்ப பதினேழாம் பக்கத்துல அடைப்புக்குறியத் தள்ளிட்டிருக்கேன். அப்புறம் பேசு."