நடுங்கும் கேமராவா, வெட்டாத ஷாட்டா?

1998-ல் வந்த 'சேவிங் பிரைவேட் ரயான்' போர்ப்படத்தின் ஓமாஹா கடற்கரைக் காட்சியை முதலில் பார்க்கும்போது, கண்ணில் மண் விழுந்த மாதிரியே இருக்கும். காரணம் ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (தனிப்படத்துக்கும்) ஒளியை விட்டு மறைக்கும் கேமராவின் சுழல்தட்டு. அதன் திறப்பு வழக்கமாக 180 டிகிரி, அதில் ஒரு ஃப்ரேம் நொடியில் 48-ல் ஒரு பங்கு நேரம் ஒளியை வாங்கும். ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கி பல ஷாட்களில் அதை 45 டிகிரிக்குக் குறைத்தார். அப்போது அது 192-ல் ஒரு பங்கு. அசைவின் மங்கல் போய்விடுகிறது. குண்டு வெடித்துச் சிதறும் ஒவ்வொரு மண்துகளும் தனித்தனியாகத் தெரிகிறது. கையில் பிடித்த கேமரா வேறு, சிப்பாயின் உயரத்திலேயே தடுமாறுகிறது. அடுத்த அடி எங்கே விழும் என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

2019-ல் வந்த '1917' போர்ப்படம் நேர் எதிர். ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் படம் முழுவதும் ஒரே ஷாட் போலத் தெரியும்படி எடுத்தார். உண்மையில் நீண்ட ஷாட்களின் ஒட்டு அது. நாயகன் மயங்கும் இடத்தில் மட்டும் திரை வெளிப்படையாக இருளுகிறது.

ஆளில்லாத ஜெர்மன் பதுங்கறையைப் பாருங்கள். தட்டினால் குண்டு வெடிக்கும் கண்ணிக் கம்பியை உள்ளே நுழைந்த இரு சிப்பாய்களும் கவனித்துவிடுகிறார்கள். அப்புறம் ஓர் எலி வருகிறது. வேறு படமென்றால் எலி, கம்பி, முகம் என்று வெட்டி வெட்டிக் காட்டியிருப்பார்கள். இங்கே கேமரா அவர்களோடு அந்த அறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது.

அதிர்ச்சிக்கு முதல் வழி. காத்திருப்பின் பயத்துக்கு இரண்டாவதுதான் என் தேர்வு. வெட்டு விழுந்தால் நமக்கு மூச்சுவிட ஓர் இடைவெளி கிடைத்துவிடும், அதைக்கூட டீக்கின்ஸ் தரவில்லை.