சீடை உடைத்த பல்

கோகுலாஷ்டமிக்கு அம்மா பொரித்த உப்புச் சீடையில் ஒன்று மட்டும் கல்லாட்டம் இருந்தது. கடித்தேன். 'டக்' என்று சத்தம். சீடைதான் உடைந்தது என்று நினைத்து இன்னொரு கடி கடித்தேன். நாக்கை விட்டுத் துழாவினால் வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு பள்ளம். உள்ளங்கையில் துப்பிப் பார்த்தேன். பாதி மாவு, கொஞ்சம் பல், நடுவில் கறுத்துப்போன ஒரு வெள்ளித் துணுக்கு.

அந்த வெள்ளி 1997-ல் வைத்தது. கல்லூரியில் சேர்ந்த வருஷம். அப்பா மாம்பலத்தில் மின்சார ரயில் ஏற்றி, கோட்டை ஸ்டேஷனில் இறக்கி, எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனார். ஓ.பி. சீட்டு, பெஞ்சில் ஒன்றரை மணி நேரம், கை லேசாக நடுங்கிய ஒரு பயிற்சி டாக்டர், அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த பேராசிரியர். அந்த அடைப்பு 28 வருஷம் உழைத்தது. அதற்கப்புறம் வாங்கிய எந்தப் பொருளும் எனக்கு அவ்வளவு நாள் வரவில்லை.

இப்போது இருப்பது இங்கிலாந்தில், மில்டன் கீன்ஸ். அங்கே என்.ஹெச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் டாக்டரிடம் ஃபில்லிங் என்றால் 'பேண்ட் 2' கட்டணம், 2025-ல் 75 பவுண்டு 30 பென்ஸ். ஒரே சிகிச்சையில் ஒரு பல்லை அடைத்தாலும் மூன்றை அடைத்தாலும் அதேதான். கேட்க நன்றாக இருக்கும், புதுப் பேஷண்டைச் சேர்த்துக்கொள்ளும் டாக்டர் கிடைத்தால். நான் கூப்பிட்ட ஐந்து இடத்திலும் 'இப்போதைக்கு இல்லை' என்றுதான் பதில். அதனால் ஊருக்கு வரும்போது எழுதும் பட்டியலில் பாங்க் கே.ஒய்.சி., மூக்குக்கண்ணாடி, பிளவுஸ் தையல் இவற்றோடு பல்லும் ஏறிவிடும். வழக்கமாகக் கடைசி வரியில்.

திரும்பிப் போக ஒன்பது நாள்தான் இருந்தது. அம்மா கிராம்பை எடுத்து நீட்டி, "இத அடக்கிக்கோ, காலைல பாப்போம்" என்றாள். காலையில் தம்பி போனில் தேடி, பளபளவென்று கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். பேர் கேட்பதற்கு முன்னாலேயே, "மேடம் எந்த கன்ட்ரி?" என்றது ரிசப்ஷன் பெண். வாய்க்குள் சின்னக் கேமராவை விட்டு, என் பல்லைச் சுவர் டிவியில் பூசணிக்காய் சைசுக்குக் காட்டினார்கள். பார்க்கவே பயமாகத்தான் இருந்தது. "நர்வ் வரைக்கும் போயிருக்கும் மேடம். ரூட் கேனால் பண்ணி, மேல ஜிர்கோனியா கேப் போட்டுடலாம். நாலு நாள்ல முடிச்சிடுவோம்." 28,500 ரூபாய். அன்றைக்கே ஆரம்பித்தால் பத்து சதவீதம் குறைப்பார்களாம். ஆடி முடிந்தும் தள்ளுபடி முடியவில்லை.

எனக்கு உறுத்தியது பணம் அல்ல. எக்ஸ்ரே எடுக்கவே இல்லை. 'போயிருக்கும்' என்றார்களே தவிர 'போயிருக்கு' என்று யாரும் சொல்லவில்லை. கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்பது நாளில் பறந்துபோகும் ஆளுக்கு நர்வையே எடுத்துவிட்டால், பின்னால் 'வலிக்கிறது டாக்டர்' என்று வெளிநாட்டிலிருந்து போன் வராது என்ற கணக்காக இருக்கலாம். இருந்தாலும் அது என் பல்லுக்கான கணக்கு இல்லை, என் டிக்கெட்டுக்கான கணக்கு.

சாயங்காலம் அம்மா தன் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மேற்கு மாம்பலத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே, குறுகலான மாடிப்படி, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். டாக்டரும் ஒரு பெண்மணிதான், ஐம்பது வயசிருக்கும். முதலில் விரல் நீளத் தகடு ஒன்றை வாய்க்குள் வைத்து எக்ஸ்ரே எடுத்தார், மறு நிமிஷம் கம்ப்யூட்டரில் படம். மிச்சமிருந்த பழைய அடைப்பு பளிச்சென்று வெள்ளையாக, அதற்கடியில் நிழல் மாதிரி கறுப்பாகச் சொத்தை, அதற்கும் கீழே நர்வ் இருக்கும் அறை. கறுப்புக்கும் அறைக்கும் நடுவில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு இருந்தது. பேனா முனையால் அதைத் தொட்டுக் காட்டி, "இந்த சுவர் இன்னும் இருக்கு, பாருங்க" என்றார்.

அடுத்து ஒரு பஞ்சு உருண்டையில் எதையோ ஸ்ப்ரே செய்தார். ஐஸ் மாதிரி புகைந்தது. முதலில் பக்கத்துப் பல்லில் வைத்தார், பிறகு உடைந்த பல்லில். சுரீரென்று ஏறியது. எடுத்ததும், "போயிடுச்சா, இன்னும் இருக்கா?" என்றார். ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணுவதற்குள் போய்விட்டது. கண்ணாடிப் பிடியால் பல்லைத் தட்டினார், வலியில்லை. ராத்திரி தூக்கத்தைக் கெடுத்ததா என்று கேட்டார், இல்லை. "சுரீர்னு வந்து உடனே போனா நர்வ் உயிரோட நல்லா இருக்குனு அர்த்தம். அரை நிமிஷம், ஒரு நிமிஷம்னு நின்னு வலிச்சாதான் ரூட் கேனால் யோசிக்கணும். இப்போதைக்கு ஃபில்லிங் போதும். ஆனா ஆழம் ஜாஸ்தி. பின்னால நர்வ் கெட்டுப்போகவும் சான்ஸ் இருக்கு, அத நான் இல்லைனு சொல்ல மாட்டேன்."

திரும்பவும் வெள்ளியே வைக்கலாமா என்று கேட்டேன், 28 வருஷ விசுவாசத்தில். அதில் பாதிக்குப் பாதி பாதரசம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி 1 முதல் பொதுவாக அதை வைப்பதையே நிறுத்திவிட்டார்கள், தானும் இப்போது வாங்கி வைப்பதில்லை என்றார். அதற்காக வாயில் ஏற்கெனவே இருக்கும் நல்ல வெள்ளியைப் பயந்துபோய்த் தோண்டி எடுக்க வேண்டியதில்லையாம். அம்மாவுக்கு நிம்மதி, அவள் வாயில் மூன்று இருக்கிறது.

பல் கலரில் வைக்கும் காம்போசிட்டுக்கு ஈரம் ஆகாது. பழைய சென்னை வீடுகளில் சுவர் ஈரமாக இருக்கும்போது பெயின்ட் அடித்தால் உரியுமே, அதே கதை. ஊசி போட்டு, உதடு தடித்துப்போன மாதிரி ஆனதும், பல் மட்டும் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும்படி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டினார். சொத்தையைத் தோண்டும்போது வலியில்லை, அதிர்வும் கருகல் வாடையும்தான். ஆழமான இடத்தில் மட்டும் கிளாஸ் அயனோமர் என்ற சிமென்டை மெல்லிசாகப் பூசினார். பிறகு நீல நிற ஜெல். அது ஆசிட், எனாமலைச் சொரசொரப்பாக்கப் பதினைந்து வினாடி. கழுவி, காய வைத்து, பசை தடவி, காம்போசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அப்பினார். ஒவ்வொரு அடுக்குக்கும் நீல விளக்கை இருபது வினாடி காட்டினார். ஒரே தடவையில் அப்பினால் வெளிச்சம் அடிவரை இறங்காது, இறுகும்போது சுருங்கி ஓரத்தில் இடைவெளி விடும், அதனால் ஒரு அடுக்கு இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாதாம். மொத்தம் நாற்பது நிமிஷம். அவசரப்படவில்லை என்பதைத்தான் நான் தரம் என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் நீலக் காகிதத்தைப் பல்லுக்கு நடுவில் வைத்து, "கடிங்க, அரைங்க" என்றார். மை ஒட்டிய மேட்டைத் தேய்த்தார். இங்கேதான் எல்லாருக்கும் இடறும் என்று நினைக்கிறேன். மரத்துப்போன வாயால் கடித்தால் எப்படிக் கடிக்கிறோம் என்றே தெரியாது. "சரியா இருக்கா?" என்றால் "ம்ம்" என்றுதான் வருகிறது. வீட்டுக்கு வந்ததும் அம்மா டிகிரி காபியை நீட்டினாள். மரப்பு போக இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அதுவரை சூடும் வேண்டாம், மெல்லவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுட்டாலும் தெரியாது, கன்னத்தைக் கடித்தாலும் தெரியாது. காபி ஆறிப்போனது.

மறுநாள் காலை இட்லியைக் கடித்தாலே அந்தப் பல்தான் முதலில் இடித்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், நோவு கூடியது. டாக்டருக்கு வாட்ஸ்அப் செய்தேன். "மேடு இருக்கும், வந்துடுங்க." போனேன். நீலக் காகிதம், ஒரு புள்ளி, இரண்டு நிமிஷம் தேய்ப்பு, நோவு காலி. காசு வாங்கவில்லை. இதே ஃபில்லிங்கைப் பெட்டி கட்டும் நாளில் செய்திருந்தால், துபாய் விமான நிலையத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பல்லைப் பட்டியலின் முதல் வரிக்கு மாற்றிவிட்டேன். ஊரில் இறங்கிய வாரமே காட்டினால், மேட்டைத் தேய்க்கவும் நர்வ் என்ன சொல்கிறது என்று பார்க்கவும் நாள் மிஞ்சும்.

பில்: கன்சல்டிங் 300, எக்ஸ்ரே 250, ஃபில்லிங் 1,800. மொத்தம் 2,350. கார்டு மெஷின் கிடையாது, "ஜிபே பண்ணிடுங்க" என்றார் உதவியாளர். என் இங்கிலாந்து போனில் ஜிபேயாவது ஒன்றாவது. அம்மா தன் போனை எடுத்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, ஸ்கேன் செய்து, 'டிங்' என்று சத்தம் வந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கிளம்பும்போது எக்ஸ்ரேவை அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கேட்டால்தான் தருகிறார்கள், கேட்காமல் வராதீர்கள். கூடவே லெட்டர் பேடில் நாலு வரி: பல் எண் 46 (வாயை நாலு பகுதியாகப் பிரித்தால் நாலாவது பகுதியில் ஆறாவது பல்), காம்போசிட், ஆழமான அடைப்பு, ஆறு மாதம் கழித்து நர்வைப் பரிசோதிக்கவும். என் வயசும் 46 என்று சொன்னேன். "அப்போ பல்லு உங்கள விட ஆறு வயசு சின்னது, பத்திரமா பாத்துக்கோங்க" என்றார் சிரிக்காமல். அது ஆறு வயசில் முளைக்கும் பல்.

இங்கிலாந்துக்குத் திரும்பி வந்து மூன்று வாரமாகிறது. முதல் பத்து நாள் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் கூசியது. ஆழமான அடைப்புக்கு ஓரிரு வாரம் அப்படித்தான் இருக்கும், நாளுக்கு நாள் குறைய வேண்டும், ராத்திரி எழுப்பினாலோ வீங்கினாலோ காத்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். எனக்குக் குறைந்துதான் போனது. அம்மா கட்டிக்கொடுத்த சீடை டப்பா சமையலறையில் இருக்கிறது. இடது பக்கம் வைத்துத்தான் கடிக்கிறேன்.