640 டொலர் மழை அங்கி, நாலு மணி நேரத்தில் உள்ளே தண்ணீர்: வேட்டைக்குப் போகிறவர்கள் கவனம்

வியாழன் இரவு பதினொரு மணிக்கு இதை எழுதுகிறேன். இன்று மத்தியானம் கடையிலிருந்து கடைசிப் பதில் வந்தது. ஆத்திரம் அடங்கிவிட்டால் எழுதாமல் விட்டுவிடுவேன், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். அவுஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில் மான் வேட்டைக்குப் போகும் நம்மவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனாலும் இந்தக் குளிர்காலத்துக்கு மழை அங்கி வாங்க யோசிப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். எனக்குப் போனது 640 டொலர். மேலங்கி 410, காற்சட்டை 230.

நாங்கள் இங்கே தேடிப்போவது சம்பார். ஊரில் மரை என்போமே, தமிழ்நாட்டில் மிளா, கடமான் என்பார்களே, அதேதான். 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவந்து விட்டார்கள், இன்று கிழக்கு மலைக்காடு முழுக்கப் பெருகிவிட்டது. உரிமம் இருந்தால், தேசியப் பூங்காக்களின் தனி விதிகளைத் தவிர, நடந்து தேடிச் சுடுவதற்கு வருடம் முழுக்க அனுமதி உண்டு. ஆனால் பழகினவர்கள் காத்திருப்பது தூறல் நாளுக்குத்தான். யூக்கலிப்டஸ் பட்டையும் சருகும் காய்ந்து கிடந்தால் காலடி ஒவ்வொன்றும் அப்பளம் நொறுங்குகிற மாதிரிக் கேட்கும். மரை எங்கேயோ நின்று ஒரு முறை உரக்கக் கனைக்கும், அவ்வளவுதான், அன்றைய நாள் முடிந்தது. நனைந்த தரையில் அந்தச் சத்தம் இல்லை. பெருமழையில் அது அடர்ந்த பள்ளத்தில் ஒதுங்கிக் கிடக்கும், மழை விட்டதும் வெளிச்சரிவுக்கு மேய வரும். அந்த நேரத்தில் நாம் ஏற்கெனவே அங்கே இருக்க வேண்டும். அதாவது மழைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு நனையாத அங்கி வேண்டும், சரசரக்காத அங்கியாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் விலை ஏறிவிடும்.

மூன்று கிழமைக்கு முன்னால், மெல்பேர்னுக்கு வெளிப்புறத்தில் வேட்டை, மீன்பிடிச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனோம். முறைப்பாடு போய்க்கொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. விற்றவர் நரைத்த தாடிக்காரர். முப்பது வருடமாக மலையில் மரை தேடுவதாகச் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டார், இலங்கை என்றேன். "அப்படியானால் இது உங்கள் ஊர் மான் அல்லவா" என்று என் தோளில் தட்டினார். அந்த இடத்தில்தான் விழுந்தேன். பிறகு மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து அங்கியின் கையில் ஊற்றினார். சேம்பிலையில் விழுந்த மாதிரித் தண்ணீர் உருண்டு ஓடியது. துணியை என் காதருகே பிடித்துத் தேய்த்துக் காட்டினார், சத்தமே இல்லை. "நாள் முழுக்க மழையில் இரு, ஒரு சொட்டு உள்ளே வராது" என்றார். இன்றைக்கு மட்டும் 20 வீதம் கழிவு என்றும் சொன்னார்.

கூட வந்த அண்ணை, "இன்னொரு கடையும் பார்ப்பம் தம்பி" என்றார். நான் கேட்கவில்லை. அட்டையை நீட்டி 640 டொலர் கட்டிவிட்டேன்.

போன சனிக்கிழமை ஜேமிசன் பக்கத்து அரச காட்டுக்குப் போனோம். விடிய முன்னமே தூறல் தொடங்கிவிட்டது. முதல் இரண்டு மணி நேரம் எல்லாம் சரி. அப்புறம் இடது கமக்கட்டில் ஏதோ சில்லென்றது. வியர்வை என்று நினைத்தேன். பத்து மணிக்கு முதுகுப் பையின் பட்டி அழுத்துகிற இடமெல்லாம் ஈரம், தொப்பி பொருத்தின இடத்தால் தண்ணீர் கழுத்துக்குள் இறங்கி இடுப்பு வரைக்கும் வந்துவிட்டது. காற்சட்டை முழங்காலில் ஊறிவிட்டது. மலையில் காற்று வேறு.

மழை விட்டது. எதிர்ச் சரிவில், மரப்பன்னங்களுக்கு நடுவே, ஒரு ஆண் மரை வெளியே வந்து நின்று உடம்பைச் சிலுப்பியது. நீர் புகையாகத் தெறித்ததைத் தொலைநோக்கிக் கண்ணாடிக்குள் பார்த்தேன். நூற்றியிருபது மீட்டர் இருக்கும். என் கை நடுங்கிக்கொண்டிருந்தது, பல் கிட்டிக்கொண்டிருந்தது, குறி ஒரு இடத்தில் நிற்கவில்லை. மறுபடி மழை இருட்டிக்கொண்டு வந்தது. பிசகாகப் பட்டால் இரத்தத் தடத்தை மழை கொஞ்ச நேரத்தில் கழுவிவிடும், அந்த மிருகம் எங்கேயோ பள்ளத்தில் கிடந்து இரண்டு நாள் சாகும். துவக்கைத் தாழ்த்திவிட்டேன். அண்ணை தன் பழைய கம்பளி மேற்சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டு, கையைப் பிடித்து வாகனத்துக்குக் கூட்டிவந்தார். அப்போது எனக்கு வார்த்தை குழறத் தொடங்கியிருந்தது. உடற்சூடு இறங்குவதன் அறிகுறி அது என்று அவருக்குத் தெரிந்திருந்ததால் தப்பினேன்.

வீட்டுக்கு வந்து அங்கியை உட்புறமாகத் திருப்பிப் பார்த்தேன். தோள் மூட்டில் மட்டும்தான் தையலுக்கு மேல் பட்டி ஒட்டியிருந்தது. கமக்கட்டிலும் தொப்பி மூட்டிலும் வெறும் ஊசி ஓட்டைகள். குளியல் தொட்டிக்கு மேல் பிடித்துத் தண்ணீர் ஊற்றினால் தையல் வழியே சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. காணொளி எடுத்து வைத்திருக்கிறேன்.

திங்கள் கடைக்குப் போனேன். தாடிக்காரர் என்னை முன்பின் தெரியாதவர் மாதிரிப் பார்த்தார். "சாதாரணச் சவர்க்காரத்தில் துவைத்திருப்பாய்" என்றார். துவைக்கவேயில்லை என்றேன். "அப்படியானால் பைப்பட்டி தேய்த்திருக்கும்." செவ்வாய் முகாமையாளர் போனில் கதைத்தார்: கழிவு விலையில் வாங்கியது, பணம் திரும்பாது. புதன்கிழமை இறக்குமதிக்காரரிடம் கேளுங்கள் என்றார்கள். இறக்குமதிக்காரர், கடையிடம் கேளுங்கள் என்றார். இன்று மத்தியானம் நாலு வரி மின்னஞ்சல்: நல்லெண்ணத்துக்காக 100 டொலர் கடைச் சீட்டு தருகிறார்களாம். 640 டொலர் வாங்கிவிட்டு, அதே கடையில் செலவழிக்க 100!

வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். கடையில் தண்ணீர் ஊற்றிக் காட்டுவதை நம்பாதீர்கள். துளி உருண்டு ஓடுவது மேற்பூச்சின் வேலை, அது தேய்ந்து போகும். நனையாமல் காப்பது உள்ளிருக்கும் படலமும் தையலை மூடும் பட்டியும். அங்கியை அங்கேயே உட்புறமாகத் திருப்பி எல்லாத் தையலையும் விரலால் தடவிப் பாருங்கள். துணி எத்தனை மில்லிமீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தத்தை உள்ளே விடாமல் தாங்கும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வெளியே வாருங்கள். உள்ளே பருத்தி போடாதீர்கள், கம்பளி போடுங்கள். வாங்கின கிழமையே வீட்டில் நனைத்துப் பாருங்கள், மலையில் போய்ப் பார்க்காதீர்கள்.

கழிவு விலைக்குப் பணம் திரும்பாது என்பது பொய். 2011 முதல் உள்ள நுகர்வோர் சட்டப்படி, பொருளில் பெரிய குறை இருந்தால் பணமா மாற்றுப் பொருளா என்று தீர்மானிப்பது வாங்கினவர்தான், கழிவு விலையானாலும் சரி. கடைச் சீட்டை வாங்கிவிடாதீர்கள். நான் மறுத்து எழுதிவிட்டேன். நாளைக் காலை வங்கியில் அட்டைக் கொடுப்பனவை மறுக்கச் சொல்லப் போகிறேன், பிறகு மாநில நுகர்வோர் அலுவலகத்துக்கு முறைப்பாடு. அங்கி வாகனக் கொட்டகையில் தொங்குகிறது, ஐந்து நாளாகியும் கமக்கட்டு இன்னும் காயவில்லை.