காடை முட்டைக்கு வீட்டு இன்குபேட்டர்: கடலூர்க் காற்றில் அது எப்படி வேலை செய்கிறது

லவ் பேர்ட்ஸும் பிஞ்சஸும் இருக்கும் பெரிய கூண்டின் தரையில் சில காடைகளை விட்டு வளர்ப்பவர்களுக்கு ஒரு சிக்கல் விரைவிலேயே தெரிந்துவிடும். காடை ஆறு, ஏழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். ஆனால் அடைக்கு உட்காராது. 1974ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜப்பானியக் காடை, முட்டைக்காகவும் இறைச்சிக்காகவும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டதில், அடைகாக்கும் இயல்பை ஏறக்குறைய முழுவதும் இழந்துவிட்ட பறவை. நாட்டுக்கோழியின் அடியில் வைத்தால் அதன் எடையில் மெல்லிய ஓடு உடைகிறது. ஆகவே வீட்டிலேயே குஞ்சு பொரிக்க விரும்புகிறவருக்கு இன்குபேட்டர் ஒன்றே நம்பகமான வழி.

நான் வாங்கியது, வெள்ளை பிளாஸ்டிக் உடலும் ஒளி ஊடுருவும் மூடியும் உள்ளே விசிறியும் கொண்ட சிறு இயந்திரம். ஒரே உருவத்தில் பல பெயர்களில் விற்கப்படும் வகை இது என்பதால் பெயரைக் குறிப்பிடுவதில் பயன் இல்லை. முட்டையைத் தானாகப் புரட்டும் உருளைத் தட்டும், வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் திரையும், மின்சாரம் நின்றால் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவதற்கான இணைப்பும் இருக்கின்றன. விலை ஆறாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. உருளைகளின் இடைவெளியை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் காடைக்கு முக்கியம். கோழி முட்டைக்கென்றே அளவு வைத்த தட்டில் 10 முதல் 12 கிராம் எடையுள்ள காடை முட்டை சரியாகப் புரளாது. கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை இயந்திரம் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. விசிறி உள்ள பெட்டியில் 37.5 முதல் 37.8 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும். வைத்த அளவிலிருந்து அது அதிகம் நகரவில்லை. ஆனால் திரை காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. காய்ச்சல் பார்க்கும் தெர்மோமீட்டர் எல்லார் வீட்டிலும் இருக்கும். அதை முட்டையின் மட்டத்தில் வைத்துப் பார்த்தபோது திரையின் எண் அரைப் பாகை கூடுதலாக இருந்தது. அமைப்புப் பட்டியலில் அதைத் திருத்திக்கொள்ளும் வசதி உண்டு. இந்த அரைப் பாகையைச் சிறிது என்று விட்டுவிட முடியாது. வெப்பம் குறைந்தால் 17, 18ஆம் நாளில் வர வேண்டிய குஞ்சு தாமதித்து, வலுவின்றி வெளிவரும். கூடினால் முன்கூட்டியே, தொப்புள் மூடாமல் வெளிவரும்.

ஈரப்பதத்தில்தான் இதன் கையேடு நம் ஊருக்கு ஒத்துவரவில்லை. முதல் நாளிலிருந்தே, பெட்டிக்குள் ஈரப்பதத்துக்காக நீர் ஊற்றும் பள்ளங்களான இரண்டு நீர்க்கால்களையும் நிரப்பச் சொல்கிறது அது. கடலோரத்தில் காற்றே நீரைச் சுமந்து வருகிறது. ஐப்பசி மழைக் காலத்தில் வெளியே 28 பாகையும் 85 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும் காற்று, பெட்டிக்குள் 37.7 பாகைக்குச் சூடேறும்போது, ஒரு சொட்டு நீர் ஊற்றாமலேயே ஏறத்தாழ 49 விழுக்காட்டில் நிற்கும். முதல் 14 நாள்களுக்கு அதுவே போதும். அதற்கு மேல் நீர்க்கால்களை நிரப்பினால் முட்டை இழக்க வேண்டிய நீரை இழக்காது. உள்ளே காற்றறை விரியாமல், முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டைக் கொத்தும் நேரத்தில் திரவத்தில் மூச்சு முட்டி இறந்துவிடும். பொரிக்காத முட்டையை உடைத்துப் பார்த்து, முழுக் குஞ்சு ஈரத்தோடு இருப்பதைக் கண்டு முட்டை விற்றவரைக் குறை சொல்கிறவர்கள் பலர். அவற்றுள் எத்தனை இந்த நீர்க்காலால் நேர்ந்தவையோ என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. கோடையிலும் கடற்காற்று வீசும் நாள்களில் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. தை மாதப் பனிக்காலத்தில் காற்று உலர்ந்திருக்கும்போது மட்டும் ஒரு நீர்க்காலை நிரப்புவது நல்லது. கடைசி மூன்று நாள் எந்தக் காலமானாலும் வேறு: புரட்டுவதை நிறுத்தி, உருளைகளை எடுத்துவிட்டு, இரண்டு நீர்க்கால்களையும் நிரப்பி 70 விழுக்காட்டளவில் வைக்க வேண்டும். குஞ்சுகள் கீச்சிடத் தொடங்கியதும் மூடியைத் திறக்கும் ஆசையை அடக்க வேண்டும். ஈரம் வெளியேறிவிட்டால் சவ்வு உலர்ந்து குஞ்சின் மேல் இறுகிக்கொள்ளும். உறிஞ்சிய மஞ்சள் கரு இருப்பதால் ஒரு நாள் உள்ளேயே இருந்தாலும் பசியால் ஒன்றும் ஆகாது.

இயந்திரத்தோடு தரும் முட்டை பார்க்கும் விளக்கு காடைக்குப் பயன்படவில்லை. ஓட்டின் கரும்புள்ளிகள் ஒளியை மறைத்துவிடுகின்றன. கூமுட்டையை இடையில் பிரித்தெடுப்பது கடினம் என்பதால் தொடக்கத்திலேயே நல்ல முட்டையைத் தேர்ந்தெடுப்பதே வழி. உணவுக்காகக் கடையில் விற்கும் முட்டை ஆண் சேராத கூண்டிலிருந்து வந்திருக்கலாம். சொந்தக் கூண்டில் மூன்று பெண்ணுக்கு ஓர் ஆண் என்று வைத்து, அன்றன்றே எடுத்த முட்டையை நிழலான, குளிர்ந்த இடத்தில் கூர்முனை கீழாக வைத்து, ஒரு வாரத்துக்குள் அடை வைப்பது சரி. அக்னி நட்சத்திர நாள்களில் நான்கு நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

மின்சாரம் பற்றிக் கடலூர்க்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பரில் தானே புயலும் 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையைத்தான் தாக்கின. பேட்டரி இணைப்பு இருப்பது இந்த இயந்திரத்தின் பெரிய நன்மை. ஆனால் பேட்டரியும் அதற்கான சார்ஜரும் தனியே வாங்க வேண்டியவை என்பதை விற்பனை விளம்பரம் தெளிவாகச் சொல்லவில்லை. அந்தச் செலவையும் சேர்த்தே விலையை மதிப்பிட வேண்டும். புயல் எச்சரிக்கை நிலவும் வாரங்களில் புதிதாக அடை வைக்காமல் இருப்பதே முட்டைக்கும் நமக்கும் நல்லது.

உடற்கட்டில் எனக்குள்ள குறை, திருகுகளும் விசிறியின் முனைகளும் உப்புக்காற்றில் துருப்பிடிப்பது. ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும் கழுவி, முழுதாக உலர்த்தி, உள்ளறையில் துணி சுற்றி வைத்தால் தாங்குகிறது. விசிறி பழுதானால் அதே அளவுள்ள 12 வோல்ட் விசிறி மின்னணுக் கடைகளில் எளிதில் கிடைக்கும். புரட்டும் மோட்டாருக்கு விற்றவரையே நாட வேண்டியிருக்கிறது. அங்கிருந்து வரும் பதிலில் வேகம் இல்லை.

வாங்குவதற்கு முன் குஞ்சுக்கான இடத்தை ஆயத்தம் செய்துவிட வேண்டும். எட்டு கிராம்கூட நிறையாத குஞ்சு அது. ஓர் அங்குல வலைக் கண்ணில் எளிதாக வெளியேறிவிடும். அரை அங்குலத்துக்கும் குறைந்த வலை வேண்டும். முதல் வாரம் 35 பாகைக்குக் குறையாத வெப்பம், பிறகு வாரத்துக்கு மூன்று பாகை வீதம் குறைத்தல். பல்பின் அடியில் குவிந்தால் குளிர்கிறது, விலகி ஓடினால் சுடுகிறது என்று அவையே சொல்லிவிடும். வழவழப்பான செய்தித்தாளில் விட்டால் கால் விரிந்து ஊனமாகும். சாக்கு விரிப்பு நல்லது. தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு போடாவிட்டால் மூழ்கி இறக்கும். தீவனக் கடையில் கிடைக்கும் பிராய்லர் ப்ரீ ஸ்டார்ட்டரை (கறிக்கோழிக் குஞ்சுக்கான முதல் தீவனம்) மிக்ஸியில் பொடித்துக் கொடுக்கலாம். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் குஞ்சுக்கு ஆகாது. மூன்று, நான்கு வாரத்தில் இறகு முழுதாக மூடி, மார்பு செம்பழுப்பாக இருப்பது ஆண், கரும்புள்ளியோடு இருப்பது பெண் என்று பிரித்துவிடலாம். அதன் பிறகே பெரிய கூண்டுக்கு. அங்கே மிரண்டால் செங்குத்தாக எழும்பித் தலையை இடித்துக்கொள்ளும் என்பதால், கூரைக்கு அடியில் தளர்வாக ஒரு நைலான் வலை கட்ட வேண்டும்.

கூண்டும் இடமும் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இந்த இன்குபேட்டரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கொஞ்சம் குஞ்சு மட்டும் போதும் என்பவர்கள் பண்ணையில் வளர்ந்த குஞ்சாக வாங்கிக்கொள்வது செலவு குறைவு. தொடர்ந்து பொரிக்கிறவர்கள் ஒன்றிரண்டு தலைமுறைக்கு ஒருமுறை வேறு இடத்திலிருந்து ஆண் காடைகளை மாற்றிக்கொள்ள வேண்டும். காடையில் உறவுக்குள் இனச்சேர்க்கை நடந்தால் பொரிப்பு மிக விரைவில் சரியும். அந்தச் சரிவை எந்த இன்குபேட்டராலும் ஈடுகட்ட முடியாது.