மேக்ரோ ஓடும் நேரத்தை அளப்பது: டைமருடன் சில வருடங்கள்

எக்செல் மேக்ரோ, அதாவது எக்செல் வேலைகளைத் தானாகச் செய்யும் நிரல், ஓடி முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கப் பல வழிகளை முயன்றிருக்கிறேன். இன்றும் கைவிடாமல் வைத்திருப்பது மேக்ரோ எழுதும் மொழியான விபிஏவில் கூடவே வரும் டைமர் ஃபங்ஷனைத்தான். தொடக்கத்தில் அதன் மதிப்பை ஒரு வேரியபிளில் வாங்கி வைத்து, கடைசியில் மறுபடி வாங்கிக் கழித்தால் வினாடிக் கணக்கு வந்துவிடும். வேரியபிளைப் பின்னமும் வைத்துக்கொள்ளும் டபுள் வகை என்று அறிவியுங்கள். முழு எண்ணுக்கான லாங் என்று வைத்தால் பின்னம் காணாமல் போய் முழு எண்தான் நிற்கும்.

தேதியும் நேரமும் தரும் நௌ ஃபங்ஷனை வைத்து அளப்பவர்களும் உண்டு. அது முழு வினாடிக்குக் கீழே இறங்காது. ஐந்து நிமிடம் ஓடும் மேக்ரோவுக்கு அது போதும், அரை வினாடி மேக்ரோவுக்கு உதவாது.

டைமர் தருவது நள்ளிரவிலிருந்து கடந்த வினாடிகள். அதனால் இரவு 11:59:50-க்குத் தொடங்கிய மேக்ரோ 12:00:25-க்கு முடிந்தால், 25-இல் 86390 போய் மைனஸ் 86365 என்று வந்து நிற்கும். விடை மைனஸில் வந்தால் 86400-ஐக் கூட்டு என்று ஒரு வரி எழுதிவிட்டால் சரியான 35 கிடைக்கும். ராத்திரியில் தானாக ஓடவிடும் ரிப்போர்ட்டுகளுக்கு இந்த வரி கட்டாயம் வேண்டும். இன்னொன்று கொஞ்சம் வேடிக்கையானது. டைமர் தரும் எண் சிங்கிள் வகை, டபுளைவிடக் குறைந்த இலக்கங்களையே வைத்துக்கொள்ளும். எண் பெரிதாக ஆக, பின்னத்தின் நுணுக்கம் குறையும். மாலை 6:12 தாண்டியதும் மதிப்பு 65536-க்கு மேல் போய்விடுவதால், அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு நடுவே குறைந்தது 0.0078 வினாடி இடைவெளி விழும். அதாவது காலையில் அளப்பது மாலையில் அளப்பதைவிட நுட்பம். நாற்பது வினாடி ஓடும் மேக்ரோவுக்கு இது ஒரு பொருட்டே அல்ல என்பது வேறு விஷயம்.

அதைவிட நுணுக்கமாக வேண்டுமென்றால் விண்டோஸின் குவெரி பெர்ஃபார்மன்ஸ் கவுன்டர் என்ற நுட்பமான எண்ணி இருக்கிறது. அது தரும் 64 பிட் எண்ணை வாங்க, பணத்தொகைகளுக்கான கரன்சி வகையைப் பயன்படுத்துவது பழைய உத்தி. கரன்சி உள்ளுக்குள் 64 பிட் முழு எண்தான், பத்தாயிரத்தால் வகுத்துக் காட்டும். இரண்டு கவுன்டர் மதிப்புகளின் வித்தியாசத்தை, கரன்சியிலேயே வாங்கிய ஃப்ரீக்வன்சியால் (வினாடிக்கு எத்தனை எண்ணிக்கை என்பதால்) வகுத்தால் அந்தப் பத்தாயிரம் அடிபட்டுப் போகும். 64 பிட் ஆஃபீஸ் என்றால் விண்டோஸ் ஃபங்ஷனை அறிவிக்கும் டிக்ளேர் வரியில் பிடிஆர்சேஃப் என்ற சொல்லைச் சேர்க்க மறக்கக் கூடாது. அழகான ஏற்பாடுதான், ஆனால் எனக்கு அபூர்வமாகத்தான் தேவைப்படுகிறது. ஒரு சின்ன ஃபங்ஷன் எவ்வளவு எடுக்கிறது என்று தெரிய, அதை லூப்பில், அதாவது திரும்பத் திரும்ப, பத்தாயிரம் முறை ஓடவிட்டு மொத்த நேரத்தை வகுத்துக்கொள்வது எளிது.

அளக்கும் கருவியைவிட எங்கே அளக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். முன்பு ஒரு மாதாந்திர மேக்ரோ நாற்பது வினாடி எடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரே எண்ணை வைத்து என்ன செய்வது? நடுவில் இரண்டு இடங்களில் டைமரைப் பிடித்தேன். தரவைப் படிக்க ஒரு வினாடி, கணக்குப் போட மூன்று, மீதி முப்பத்தாறும் விடைகளை ஷீட்டில் எழுதுவதற்கு! ஒவ்வொரு செல்லாக எழுதிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு முறையும் ஷீட்டின் ஃபார்முலாக்கள் திரும்பக் கணக்கிட்டுக்கொண்டிருந்தன. விடைகளை நினைவகத்தில் அர்ரே என்ற பட்டியலில் சேர்த்து ஒரே மூச்சில் ரேஞ்சில் இறக்கியதும் அந்தப் பகுதி ஒரு வினாடிக்குள் அடங்கிவிட்டது. கணக்கிடும் பகுதியைச் செதுக்க உட்கார்ந்திருந்தால் முழுக்கச் செதுக்கியும் மூன்று வினாடிக்கு மேல் மிச்சமாகியிருக்காது.

மெசேஜ் பாக்ஸோ இன்புட் பாக்ஸோ நடுவில் வந்தால் அது திறந்திருக்கும் நேரமும் கணக்கில் ஏறிவிடும். அதற்கு முன் கடிகாரத்தை நிறுத்தி, பின்பு தொடர வேண்டும். லூப்புக்குள் டீபக் பிரின்ட் போட்டு இமீடியட் விண்டோவில் எழுதுவதும், ஸ்டேட்டஸ் பாரை வரிக்கு வரி மாற்றுவதும் அளக்கிற வேலையே நேரத்தைத் தின்பதில்தான் முடியும். முதல் ஓட்டம் பெரும்பாலும் மெதுவாகவே இருக்கும். அதை ஒதுக்கிவிட்டு, அடுத்த சில ஓட்டங்களில் நடுவில் நிற்கும் எண்ணை எடுத்துக்கொள்கிறேன். சராசரி எடுத்தால், பின்னணியில் ஆன்டிவைரஸ் கண் விழித்த ஒரே ஓட்டம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

அப்புறம், எண்களை எங்கே வைப்பது? டீபக் பிரின்ட் எழுதும் அந்த இமீடியட் விண்டோ சுமார் 200 வரிதான் வைத்துக்கொள்ளும், எக்செலை மூடினால் அதுவும் போச்சு. நான் ஒளித்து வைத்த ஒரு ஷீட்டில் தேதி, தரவு வரிகளின் எண்ணிக்கை, மூன்று பகுதிகளின் நேரம் என்று எழுதிவிடுகிறேன், கடிகாரத்தை நிறுத்திய பிறகு. இவற்றில் வரிகளின் எண்ணிக்கைதான் உயிர். அது இல்லாமல் போன மாதம் பத்து வினாடி, இந்த மாதம் இருபது என்றால், கோட் கெட்டதா தரவு வளர்ந்ததா என்று சொல்லவே முடியாது. ஒருமுறை வரிகள் இரு மடங்கானபோது கணக்குப் பகுதியின் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கானது. லூப்புக்குள் லூப் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. போய்ப் பார்த்தால் ஒவ்வொரு வரிக்கும் இன்னொரு பட்டியலை மேலிருந்து கீழ்வரை தேடிக்கொண்டிருந்தது. தேடலை, முழுப் பட்டியலையும் துழாவாமல் நேராக எடுத்துத் தரும் டிக்‌ஷனரிக்கு மாற்றிய பிறகு, வரிகள் எந்த விகிதத்தில் கூடுகிறதோ அதே விகிதத்தில்தான் நேரமும் கூடுகிறது.